‘விடியாமயே போயிட்டாத் தேவலை’ என்றார் அந்த அம்மா; நான் போன் செய்யலாமா?

கேள்வி:

மூன்று வாரத்துக்கு முன் அலுவலகத் தோழியின் தங்கை கல்யாண வரவேற்புக்காக ஈரோடு போயிருந்தேன். முதல் பந்தி நிரம்பிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. “பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாங்க?” என்று கேட்டார். அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போய், கால் மணி நேரத்தில் தன் வாழ்க்கையையே சொல்லிவிட்டார். கணவர் தவறி எட்டு மாதம். மகன் குடும்பத்தோடு பெங்களூரில். வீட்டில் அவர் மட்டும். மேடையைப் பார்த்துக்கொண்டே, “சில நாள் ராத்திரி, விடியாமயே போயிட்டாத் தேவலைன்னு இருக்குது கண்ணு” என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. “அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா, பேத்தி இருக்குதுல்ல” என்றேன். பிறகு, எதற்கென்றே தெரியவில்லை, என் அம்மாவோடு நான் ஒன்றரை வருடமாகப் பேசுவதில்லை என்பதை அவரிடம் கொட்டிவிட்டேன். என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது. அதற்குள் பந்திக்குக் கூப்பிட, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். கிளம்பும்போது அவரே தேடி வந்தார். பேத்திக்குப் பட்டுப்பாவாடை தைக்க நல்ல டெய்லர் இருந்தால் சொல்லச் சொல்லி, என் நம்பரை வாங்கி மிஸ்டு கால் கொடுத்தார். டெய்லர் நம்பரை நான் இன்னும் அனுப்பவில்லை. அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. நான் கூப்பிட்டால் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவதாகுமா? தோழி மூலம் அவர் மகனுக்குச் சொல்லிவிடலாமா? என் விஷயம் வெளியே போயிருக்குமோ என்ற பயம் வேறு.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள தோழி,

போன் செய்யுங்கள். நாளைக் காலையிலேயே செய்யுங்கள். மகனுக்குச் சொல்வதா, தோழியிடம் சொல்வதா என்பதையெல்லாம் அந்தப் போனுக்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். இதில் தலையீடு எதுவும் இல்லை. உங்களைத் தேடி வந்து நம்பர் வாங்கியது அவர். ஒரு வேலையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வாரம் தாமதமாகிவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம்.

அவர் சொன்னதை லேசாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதைக் கேட்டு நடுங்கிப்போகவும் கூடாது. ஒருவருடைய தற்கொலை அபாயத்தை அறிய, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ஆறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைப் பல நாட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். அதன் முதல் கேள்வியே ‘செத்துப்போனால் தேவலை, தூங்கி எழாமலே போனால் தேவலை என்று நினைத்ததுண்டா?’ என்பதுதான். அந்த அம்மா கேட்காமலே அதற்குப் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்வி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமே வந்ததா என்பது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. துணையை இழந்தவர்களில் பலர் முதல் கேள்விக்கு ஆமாம் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது கேள்விக்கு இல்லை என்பார்கள். அந்த அம்மா எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. கேட்டால் தெரிந்துவிடும்.

மண்டபத்தில் நீங்கள் சொன்ன பதிலுக்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். பெரும்பாலானவர்கள் வாயில் முதலில் வருவது அதுதான். ஆனால் அது ஏன் உதவவில்லை என்று தெரிந்துகொண்டால் நாளைக்குப் பேச வசதியாக இருக்கும். ‘அப்படியெல்லாம் சொல்லாதீங்க’ என்றதும் எதிரில் இருப்பவர், தான் இவரைப் பயமுறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார். உடனே பேச்சை மாற்றி, ‘அட, சும்மா சொன்னேன்’ என்று நம்மைத் தேற்ற ஆரம்பித்துவிடுகிறார். பேத்தியை நினைவுபடுத்துவதும் அப்படித்தான். இத்தனை பேர் இருந்தும் எனக்கு இப்படித் தோன்றுகிறதே என்ற குற்ற உணர்வு கூடுகிறதே தவிர, எண்ணம் குறைவதில்லை.

இனி, போன்.

நேரம் காலை பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள் இருக்கட்டும். தனியாக இருப்பவருக்குக் காலை வேலை முடிந்து, மதியச் சமையலில் இறங்காத நேரம் அது. விளக்கு வைக்கும் நேரத்தில் கூப்பிடாதீர்கள். கணவர் வேலையிலிருந்து திரும்பிய பொழுது அது, மனம் ஏற்கெனவே கனத்திருக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பைப் பெரியவர்கள் கெட்ட சேதியாகத்தான் நினைப்பார்கள். வாட்ஸ்அப்பில் டெய்லர் நம்பரை மட்டும் அனுப்பலாம். மற்றதை அதில் எழுதாதீர்கள். பெரியவர்களின் போனை மகன், மருமகள், பக்கத்து வீட்டுப் பையன் என்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள். எழுதியது அப்படியே நிற்கும். வேறு யாராவது போனை எடுத்தால் டெய்லர் விஷயமாகக் கூப்பிட்டதாகச் சொன்னால் போதும், அது உண்மையும்கூட. அவர் எடுக்கவில்லை என்றால் மாலை நான்கு மணிக்கு ஒரு தரம், மறுநாள் காலை ஒரு தரம் முயலுங்கள்.

உங்களுக்கு இருபது நிமிடம் ஓய்வாக இருக்க வேண்டும். அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசாதீர்கள். ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். 14416 என்ற எண்ணை முன்கூட்டியே அதில் எழுதி வையுங்கள். எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

முதல் இரண்டு நிமிடம் டெய்லரைப் பற்றியே பேசுங்கள். ஆளின் பெயர், கடை எங்கே, பட்டுப்பாவாடைக்கு என்ன கூலி, எத்தனை நாளில் தருவார். இதைச் சுற்றி வளைப்பதாக நினைக்காதீர்கள். மரியாதையாகக் கதவைத் தட்டுவது இப்படித்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: பேத்திக்குப் பாவாடை தைக்க வேண்டும் என்று நினைப்பவர் வரப்போகும் ஒரு நாளைப் பற்றி யோசித்திருக்கிறார். அது நல்ல அறிகுறி. ஆனால் அதை மட்டும் நம்பிக் கேட்காமல் இருந்துவிட முடியாது. ஒரே மனதில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பிறகு அந்த நாளுக்கு வாருங்கள். “அன்னைக்கு மண்டபத்துல நீங்க சொன்னது மனசுலயே இருக்குதுங்கம்மா. அப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ராத்திரி அப்படித் தோணுதுன்னீங்களே, இப்ப எப்படி இருக்குதுங்க?” இவ்வளவு போதும். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மறுமுனையில் சத்தமே வராமல் போகலாம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு எட்டுக்குள் பேச்சு வந்துவிடும். அந்த இடைவெளி தாங்காமல் நாம் ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவதால்தான் பல பேச்சுகள் அங்கேயே நின்றுபோகின்றன. அவர் அழுதால் ‘அழாதீங்க’ என்று சொல்ல வேண்டாம். “அழுங்கம்மா, நான் லைன்லதான் இருக்கேன்” என்று சொல்லிக் காத்திருங்கள்.

அடுத்துதான் நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அதை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் வழக்கமாகக் கேட்கும் இரண்டு விதமுமே பிசகு. ‘தப்பா எதுவும் நினைக்கலையே?’ என்று கேட்டால், இல்லை என்ற பதிலை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். ‘தப்பான முடிவு எதுவும் எடுத்துராதீங்க’ என்பது கேள்வியே இல்லை, எச்சரிக்கை. தப்பு என்று தீர்ப்புச் சொன்ன பிறகு யார் வாய் திறப்பார்கள்? நேராகவே கேளுங்கள்: “அவர் போனதுக்கப்புறம், உயிரை விட்டுறலாம்னு எப்பவாவது நினைச்சீங்களாம்மா?” குரல் உயரக் கூடாது, ரகசியம் போலத் தாழவும் கூடாது. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று விசாரிக்கும் குரலிலேயே கேளுங்கள்.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்துப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மற்றதிடம் கேட்கவில்லை. 2005இல் வெளியான முடிவு, கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை என்பதே. பிறகு வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. எண்ணம் உள்ளவருக்கு, யாரோ ஒருவர் அதை வாய்விட்டுக் கேட்டதே பாதிப் பாரத்தை இறக்கிவிடும்.

அவர் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “அதெல்லாம் இல்ல கண்ணு. அவருகிட்டயே போயிட்டா நல்லதுன்னு தோணும், அவ்வளவுதான்.” இது துக்கத்தின் குரல். இங்கே அறிவுரை எதுவும் தேவையில்லை, கேள்விகள்தான் தேவை. முதல் கேள்வி, “அவங்க பேர் என்னங்கம்மா?” எட்டு மாதத்தில் அந்தப் பெயரை அவரிடம் யாருமே சொல்லாமல் இருந்திருக்கலாம். துக்கத்தைக் கிளறிவிடக் கூடாது என்று உறவுக்காரர்கள் செத்தவர் பெயரையே தவிர்ப்பார்கள். அப்படித் தவிர்ப்பதில்தான் தனிமை கூடுகிறது. அவர் பெயரைச் சொன்னதும், அடுத்த வாக்கியத்தில் நீங்களும் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். என்ன வேலை பார்த்தார், என்ன சாப்பாடு பிடிக்கும், எப்படித் தவறினார் என்று அவரே தொடர்ந்து சொல்வார்.

பேச்சுவாக்கில் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து, பிறகு தூக்கமே வருவதில்லையா? தனக்கென்று சமைக்கிறாரா, பழையதையும் டீயையும் வைத்து ஓட்டுகிறாரா? பிரஷர், சர்க்கரை மாத்திரை இருந்தால் ஒழுங்காகப் போடுகிறாரா? மூன்றாவது மிக முக்கியம். நோயாளிக் கணவருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்த பெண்கள், அவர் போன பிறகு தங்கள் மாத்திரையை விட்டுவிடுவது நடக்கும். கேட்டால் மறந்துபோச்சு என்பார்கள். உடம்பைக் கவனிக்காமல் விடுவதும் வாழ வேண்டாம் என்பதன் ஒரு வடிவம்தான். அதை யாரும் தற்கொலை எண்ணம் என்று அடையாளம் காண்பதில்லை.

துக்கம் எப்போது நோயாகிறது என்பதில் மருத்துவ உலகிலேயே இரண்டு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதத்தைத் தாண்டியும் விடாத கடும் துக்கத்தைத் தனிக் கோளாறாகப் பார்க்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தது. உங்கள் அம்மணி எட்டாவது மாதத்தில், இரண்டுக்கும் நடுவே இருக்கிறார். ஆகவே மாதக் கணக்கை விடுங்கள். அன்றாட வேலை நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குளிப்பது, சமைப்பது, வாசல் தெளிப்பது, போன் எடுப்பது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் தட்டுக்கெட்டுக் கிடந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய கட்டம். தனியாரிடம் போக வசதியில்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம். ‘பைத்தியக்கார டாக்டரா?’ என்று தயங்கினால், தூக்கம் வரவில்லை என்று சொல்லியே போகச் சொல்லுங்கள். அது உண்மையான நோய்க்குறிதான், டாக்டரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

பதில் வேறு மாதிரியும் வரலாம். “நினைச்சிருக்கேன் கண்ணு.” அப்போது பதற வேண்டாம். “என்கிட்ட சொன்னது நல்லதுங்கம்மா” என்று முதலில் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி: கடைசியாக எப்போது அப்படி நினைத்தார், அதற்கென்று ஏதாவது ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாரா, இதற்கு முன் எப்போதாவது முயன்றதுண்டா. எப்படி என்ற விவரத்துக்குள் நீங்கள் போக வேண்டாம். ஏற்பாடு உண்டு என்றாலோ, சமீபத்தில் முயன்றார் என்றாலோ அபாயம் அதிகம். ஆபத்தான பொருள் எதுவும் வீட்டில் இருந்தால் அதைப் பக்கத்து வீட்டிலோ உறவுக்காரரிடமோ அன்றே கொடுத்துவிடச் செய்யுங்கள். உயிரை விடும் உந்துதல் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பேப்பரில் எழுதிய எண் இப்போது உதவும். 14416 மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ என்ற மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. நாள் முழுக்க இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘ஸ்நேகா’ என்ற தற்கொலைத் தடுப்புத் தன்னார்வ அமைப்பின் எண் 044-24640050. எண்ணைக் கொடுத்துவிட்டு, ‘பேசுங்க’ என்று சொன்னால் பெரும்பாலும் பேச மாட்டார்கள். “நான் லைன்ல சேத்து விடறேன், மூணு பேருமே பேசலாம்” என்று சொல்லிக் கான்ஃபரன்ஸ் போடுங்கள். ஆலோசகர் பேச ஆரம்பித்ததும், அந்த அம்மாவின் சம்மதத்தோடு நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

இன்றே, இப்போதே என்ற பேச்சு வந்தால் மட்டும் வேறு வழி. லைனைத் துண்டிக்காதீர்கள். வீடு எந்தத் தெரு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே, உங்கள் கணவரின் போனிலிருந்து தோழியைக் கூப்பிட்டு, ஈரோட்டில் இருக்கும் யாரையாவது பத்து நிமிடத்தில் அந்த வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். 108க்கும் சொல்லுங்கள். அந்த நிலையில் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மகனிடம் சொல்வது பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வெறும் துக்கம் என்றால் யாரிடமும் சொல்லாதீர்கள், தோழியிடமும் வேண்டாம். மண்டபத்தில் சொன்னது மறுவாரமே குடும்பத்துக்குள் சுற்றி வந்தது என்று தெரிந்தால், அந்த அம்மா இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டார். எண்ணம் இருக்கிறது என்றால், அவரையே கேளுங்கள்: “இதை உங்க பையனுக்குச் சொல்லணுங்கம்மா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா, இல்ல நாம ரெண்டு பேரும் சேந்து சொல்லலாமா?” சொல்வதா வேண்டாமா என்று கேட்காமல், யார் சொல்வது என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், மருமகள் வேண்டவே வேண்டாம் என்பார். தங்கையா, நாத்தனாரா, பக்கத்து வீட்டக்காவா, அவர் கைகாட்டும் ஒருவரில் தொடங்குங்கள். மகனிடம் பேசும்போது மண்டபத்துப் பேச்சை ஒப்பிக்காதீர்கள். “அம்மாவுக்கு ராத்திரி ரொம்பக் கஷ்டமா இருக்குதுன்னு சொன்னாங்க, இந்த வாரமே நீங்க வந்து பாக்கறது நல்லது” என்றால் போதும், அவருக்குப் புரியும். போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயந்து குடும்பங்கள் இதை மூடி மறைப்பது இன்னும் நடக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிப்பதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவும் இல்லை. தேவைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

இத்தனை சொந்தபந்தம் நிறைந்த மண்டபத்தில் அவர் ஏன் உங்களிடம் சொன்னார் என்ற வியப்பு உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பாருங்கள். வருடம் திரும்பாத வீட்டுப் பெண் விசேஷத்துக்கு வருவதையே பலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். முகூர்த்தத்தைத் தவிர்த்து, வரவேற்புக்கு வந்து, மேடையேறாமல் கடைசி வரிசையில் உட்காருவதுதான் அவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு. தெரிந்தவர்கள் ‘பாவம்’ என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த மண்டபத்தில் அவரை விதவையாகப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தான். நம் வட்டத்தில் இல்லாதவரிடம்தான் மனிதர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள் என்று ஜெர்மன் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் 1908லேயே எழுதினார். சொன்னது திரும்பி வந்து தங்களைத் தாக்காது என்ற நம்பிக்கைதான் காரணம்.

நீங்கள் ஏன் கொட்டினீர்கள் என்பதற்கும் விளக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸிக் ரூபின் பாஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளிடம் ஒரு சோதனை நடத்தி 1975இல் வெளியிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் தன்னைப் பற்றி அந்தரங்கமாக எழுதிக் காட்டினால், பயணிகளும் பதிலுக்குத் தங்களைப் பற்றி அந்தரங்கமாகவே எழுதினார்கள். ஒருவர் மனதைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கும் திறக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் விஷயம் வெளியே போயிருக்க வாய்ப்பும் குறைவு. உங்கள் ரகசியத்தைச் சொல்ல வேண்டுமானால் எந்தப் பேச்சில் அது வந்தது என்று அவர் தன்னுடையதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் மன நிம்மதிக்கு, போன் முடியும் நேரத்தில் “அன்னைக்கு நாம பேசிக்கிட்டது நமக்குள்ளயே இருக்கட்டுங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது அவருக்கும் நிம்மதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. அம்மாவோடு பேச்சில்லாத ஒரு மகளிடம், தனியாக இருக்கும் ஒரு தாய் ‘விடியாமல் போனால் தேவலை’ என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை உங்களை இவ்வளவு உலுக்கியதில் உங்கள் அம்மாவுக்கும் பங்கு இருக்கிறது என்றே உங்கள் கடிதம் சொல்கிறது. இவருக்குச் செய்வதை அவருக்குச் செய்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கலக்கத்திலேயே உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டுவிடவும் வேண்டாம். அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பேசாமல் இருப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். அதைத் தனியாக, நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தூக்கம் இன்னும் கெட்டால் நீங்களும் 14416இல் பேசலாம். அடுத்தவர் துயரத்தைக் கேட்டுத் தவிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சேவை.

மற்ற வாசகர்களுக்காக ஒன்று. விசேஷ வீட்டில் இப்படிப் பேச்சு வந்துவிட்டால் முதலில் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள், அவர் முகம் கூட்டத்துக்குத் தெரியாதபடி. ஸ்பீக்கர் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தால் வெளி வராண்டாவுக்குக் கூட்டிப் போங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கையில் கொடுங்கள். பந்திக்குக் கூப்பிட்டால் ‘அப்புறம் பாக்கலாம்’ என்று எழுந்து போகாமல், ‘வாங்க, பக்கத்துலயே உக்காந்து சாப்பிடலாம்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இலையில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலே போதும், அந்தப் பேச்சைத் தொடர வேண்டும் என்றுகூட இல்லை. பேச்சைப் பாதியில் வெட்டி எழுந்து போவதுதான், சொன்னவருக்குச் ‘சொல்லியிருக்கக் கூடாதோ’ என்ற கூச்சத்தைக் கொடுக்கிறது.

நாளைய போனுக்குப் பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ‘எப்ப வேணாலும் கூப்பிடுங்கம்மா’ என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அவர் மனமுடைந்து கூப்பிடும் ஒரு இரவில் உங்கள் போன் சைலன்டில் இருந்தால், கைவிடப்பட்டதாக நினைப்பார். “ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு நான் கூப்பிடறேன்” என்று நாளும் நேரமும் சொல்லுங்கள், சொன்னபடி கூப்பிடுங்கள். இரண்டு அழைப்புக்கும் நடுவே மனம் கனத்தால் பேச 14416, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஏற்படும் வேறு பிரச்சினைகளுக்குக் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை 14567 என்று இரண்டு எண்ணையும் அவர் காலண்டரில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அவர் கணவரின் முதல் வருடத் திதி இன்னும் மூன்று, நான்கு மாதத்தில் வரும். திதி என்பதால் இங்கிலீஷ் தேதியோடு ஒத்துவராது. எந்த மாதம், என்ன திதி என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கல்யாண நாளையும் கேளுங்கள். துக்கம் மறுபடி முதல் நாளைப் போலவே எழும் நாட்கள் இவை. திதிக்கு முந்தைய வாரத்தில் ஒருமுறை கூப்பிடுங்கள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பி, வீடு மறுபடி காலியாகும் மூன்றாவது நாள் இன்னொரு முறை கூப்பிடுங்கள்.